தேர்ட் பார்ட்டி மட்டும் போதுமா, ஃபுல் கவர் வேண்டுமா?

கேள்வி: ஐயா, வணக்கம். எனக்கு வயது 34, ஊர் கோட்டையூர். காரைக்குடியில் மின்சாதனக் கடை வைத்திருக்கிறேன். 2021 ஆகஸ்டில் எடுத்த 125 சிசி பைக்குக்கு ஷோரூமில் போட்ட ஐந்து வருட இன்சூரன்ஸ் முடியப் போகிறது. ஏஜென்ட் மூன்று தொகை அனுப்பியிருக்கிறார். தேர்ட் பார்ட்டி மட்டும் ஒன்று, ஃபுல் கவர் ஒன்று, ஃபுல் கவரோடு எல்லா ஆட்-ஆனும் (கூடுதல் பணம் கட்டிச் சேர்க்கும் பாதுகாப்பு) சேர்த்து ஒன்று. "போலீஸ் கேட்டால் காட்ட ஒரு தாள் இருந்தால் போதும், மிச்சமெல்லாம் தண்டம்" என்கிறார் பெரியப்பா. தினமும் கடைக்கு வண்டியில்தான் போகிறேன். சில நாள் மிக்ஸி, ஃபேன் என்று பின்னால் கட்டிக்கொண்டு போய் டெலிவரியும் கொடுப்பேன். மாதத்தில் ஓரிரு ஞாயிறு மனைவியோடு பிள்ளையார்பட்டி, குன்றக்குடி போவது உண்டு. அப்பா பெயரில் 2012-இல் வாங்கிய எக்ஸ்எல் இருக்கிறது; அவசரத்துக்கு அதையும் எடுப்பேன். எவ்வளவுக்கு இன்சூரன்ஸ் எடுப்பது சரியாக இருக்கும்?

பதில்: தம்பிக்கு வணக்கம். ஏஜென்ட் அனுப்பிய தொகைகளுக்குப் போகும் முன்னால் உங்கள் பழைய பாலிசியை எடுத்து ஒருமுறை பாருங்கள். அதில் தேதி இரண்டு இடத்தில் போட்டிருக்கும். தேர்ட் பார்ட்டிக்கு, அதாவது நம் வண்டியால் அடுத்தவருக்கு வரும் இழப்புக்கு, 2021 ஆகஸ்ட் முதல் 2026 வரை இருக்கும். அதற்கு மேலோ கீழோ 'ஓன் டேமேஜ்' (நம் வண்டிக்கே வரும் சேதம், திருட்டு) என்ற வரியில் பெரும்பாலும் 2022 ஆகஸ்டோடு முடிந்திருக்கும். உரிமையாளர் விபத்துக் காப்பீடு என்ற வரியும் அநேகமாக அதே 2022-இல்தான் முடிந்திருக்கும். 2018 செப்டம்பர் முதல் புது டூவீலருக்கு ஐந்து வருட தேர்ட் பார்ட்டி கட்டாயம் என்று உச்ச நீதிமன்ற உத்தரவுப்படி வந்தது. மற்ற இரண்டையும் வருடா வருடம் நாம்தான் புதுப்பிக்க வேண்டும். 'அஞ்சு வருஷத்துக்கு இன்சூரன்ஸ் இருக்கு' என்று நம்பிக்கொண்டு, வண்டி திருட்டுப் போன பிறகு தாளைத் தூக்கிக்கொண்டு வருபவர்களை மோட்டார் கிளைம் பார்த்த காலத்தில் நிறையச் சந்தித்திருக்கிறேன். உங்களுக்கும் கடந்த சில வருடமாகத் தேர்ட் பார்ட்டி மட்டும்தான் ஓடிக்கொண்டிருந்திருக்கும் என்றே நினைக்கிறேன்.

இனி உங்கள் பெரியப்பா சொன்ன விஷயம். இன்சூரன்ஸ் இல்லாமல் பிடிபட்டால் முதல் தடவை 2,000 ரூபாய், அடுத்த தடவை 4,000 ரூபாய் அபராதம். மூன்று மாதம் வரை சிறைக்கும் சட்டத்தில் இடம் உண்டு. அந்த அபராதத்துக்குப் பயந்து எடுப்பதுதான் தேர்ட் பார்ட்டி என்று பலரும் நினைக்கிறார்கள். அது காப்பாற்றுவது எவ்வளவு பெரிய தொகையிலிருந்து என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

தைப்பூசம் நெருங்கும்போது நம் பக்கச் சாலைகளில் பழனி பாதயாத்திரைக் கூட்டம் இருட்டிலும் நடந்துகொண்டிருக்கும். அப்படி ஒரு நேரத்தில் சாலையோரம் நடந்து போகும் ஒருவர் மேல் வண்டி மோதி அவர் இறந்துவிட்டார் என்று வையுங்கள். ஆத்தங்குடியில் டைல்ஸ் வேலை செய்பவர், வயது 32, மாத வருமானம் 20,000. மனைவி, இரண்டு பிள்ளைகள், தாயார் என்று நான்கு பேர் அவரை நம்பி இருக்கிறார்கள். விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம் தொகையை மனம்போனபடி போடுவதில்லை. 2009-இல் சரளா வர்மா வழக்கிலும் 2017-இல் பிரணய் சேத்தி வழக்கிலும் உச்ச நீதிமன்றம் வகுத்துக் கொடுத்த கணக்கு இருக்கிறது. வருட வருமானம் 2,40,000. நாற்பது வயதுக்குள் இருப்பதால் எதிர்கால வருமான உயர்வுக்காக 40 சதவீதம் கூட்டினால் 3,36,000. அவருடைய சொந்தச் செலவுக்கென்று நாலில் ஒரு பங்கைக் கழித்தால் 2,52,000. 32 வயதுக்குப் பெருக்கும் எண் 16. ஆக 40 லட்சத்து 32 ஆயிரம் ரூபாய். இறுதிச் செலவு, குடும்பத்தாரின் இழப்பு என்று தனியாகச் சேர்ப்பது வேறு. அப்புறம் வட்டி.

தேர்ட் பார்ட்டி இருந்தால் இதை இன்சூரன்ஸ் கம்பெனி கட்டும். மரணத்துக்கும் காயத்துக்கும் அதில் உச்ச வரம்பே கிடையாது. இல்லையென்றால் ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவர் கட்ட வேண்டும். கட்டாவிட்டால் நிலவரிப் பாக்கியை வசூலிப்பது மாதிரி கலெக்டர் மூலம் வசூலிக்கச் சட்டம் வழி வைத்திருக்கிறது. கோட்டையூரில் பூர்வீக வீட்டில் உங்களுக்கு ஒரு பங்கு இருந்தால் அந்தப் பங்கும் ஜப்திக்கு வரலாம்; கடையும் வரலாம். இத்தனையையும் தடுக்க உங்கள் 125 சிசி வண்டிக்கு வருடம் 714 ரூபாய், 18 சதவீத வரியோடு 843. 2022 ஜூனில் வந்த கட்டணம் இது. அரசு நிர்ணயிப்பது என்பதால் எந்தக் கம்பெனியிலும் ஒரே தொகைதான். இதில் பேரம் பேசவும் இடமில்லை, கூட்டிக் குறைக்கவும் இடமில்லை.

ஒரே ஒரு இடத்தில் குறைக்கலாம், அதைச் செய்யாதீர்கள். அடுத்தவர் பொருளுக்கு வரும் சேதத்துக்கு டூவீலர் பாலிசியில் 1 லட்சம் ரூபாய் வரை உண்டு. அதை 6,000 ஆகச் சுருக்கிக்கொண்டால் பிரீமியத்தில் சில பத்து ரூபாய் குறையும். செக்காலை ரோட்டில் நிற்கும் ஒரு காரின் கதவில் இடித்தாலே 6,000 போதாது.

அடுத்தது பின்னால் உட்காருபவர். உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தி யோசிக்க வைத்தது ஞாயிற்றுக்கிழமைப் பிள்ளையார்பட்டிப் பயணம்தான். தேர்ட் பார்ட்டி மட்டும் எடுத்த பைக்கில் பின்னால் அமர்ந்து போகிறவர், அந்தப் பாலிசியின் கணக்கில் 'மூன்றாம் நபர்' ஆக மாட்டார். 2006-இல் திலக் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றமே இதைச் சொல்லிவிட்டது. குன்றக்குடிப் பாதையில் மாடு குறுக்கே வந்து, நீங்கள் பிரேக் அடித்து, மனைவி விழுந்து கால் ஒடிந்தால் அந்தப் பாலிசியிலிருந்து ஒரு ரூபாய் வராது. எதிரே வந்த லாரியின் மேல் தப்பு என்றால் லாரியின் இன்சூரன்ஸில் கேட்கலாம். மாட்டிடம் யாரைக் கேட்பது? அதே வண்டிக்கு ஃபுல் கவர் எனப்படும் பேக்கேஜ் பாலிசி இருந்தால் கதை வேறு. பேக்கேஜ் பாலிசி பின்னால் இருப்பவரையும் சேர்த்தே காக்கிறது என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2009-இல் எல்லாக் கம்பெனிக்கும் எழுதித் தெளிவாக்கியது; 2012-இல் உச்ச நீதிமன்றமும் ஒப்புக்கொண்டது. வண்டியை ஓட்டியவரின் கவனக்குறைவு என்று நிரூபணமானால் பின்னால் இருந்தவர் இழப்பீடு கேட்கலாம், அவர் ஓட்டியவரின் மனைவியாகவே இருந்தாலும்.

ஏஜென்ட்டுகள் ஃபுல் கவரை 'வண்டிக்குக் கீறல் விழுந்தால் காசு வரும்' என்று சொல்லி விற்கிறார்கள். இந்த விஷயத்தைச் சொல்வதே இல்லை. எனக்கு இதில் உண்மையாகவே வருத்தம் உண்டு. நம் ஊரில் பைக் என்றால் இரண்டு பேர் போவதுதான் வழக்கம். மனைவியையோ அம்மாவையோ பின்னால் ஏற்றிக்கொண்டு போகிறவர்களில் பாதிப் பேருக்கு, பின்னால் இருப்பவருக்குத் தன் பாலிசியில் எதுவும் இல்லை என்பது விபத்து நடந்த பிறகுதான் தெரியவருகிறது. நீங்கள் ஃபுல் கவர் எடுக்க வேண்டும் என்று நான் சொல்வதற்கு முதல் காரணம் இதுதான். வண்டிக்கு வரும் சேதம் அடுத்ததுதான்.

மூன்றாவதாக நீங்கள். உரிமையாளர் விபத்துக் காப்பீடு 15 லட்சம் ரூபாய்க்கு. 2018 வரை டூவீலருக்கு இது வெறும் 1 லட்சமாக இருந்தது. மரணம் என்றால் முழுத் தொகையும் நாமினிக்கு. இரண்டு கையோ இரண்டு காலோ, இரண்டு கண் பார்வையோ போனாலும், வேறு விதத்தில் நிரந்தரமாக முழு ஊனம் ஆனாலும் முழுத் தொகை. ஒரு கை, ஒரு கால் அல்லது ஒரு கண் என்றால் பாதி. அவ்வளவுதான். எலும்பு முறிந்து மூன்று மாதம் கட்டிலில் கிடந்தால் எதுவும் கிடையாது, ஆஸ்பத்திரிச் செலவும் கிடையாது. விபத்து நடந்த முதல் 48 மணி நேர சிகிச்சைக்குத் தமிழ்நாடு அரசின் 'இன்னுயிர் காப்போம்' திட்டம் இருக்கிறது, அது பெரிய உதவி. அதையும் தாண்டி ஆகும் செலவுக்கு மெடிக்கல் பாலிசி இருப்பது நல்லது.

இதில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. இந்த 15 லட்சம், வண்டி யார் பெயரில் இருக்கிறதோ அவர், தன் பெயரில் உள்ள வண்டியை, செல்லுபடியாகும் லைசென்ஸோடு ஓட்டும்போது மட்டும்தான். அப்பாவின் எக்ஸ்எல்லை நீங்கள் எடுத்துக்கொண்டு போய் விழுந்தால் உங்களுக்கும் கிடையாது, அப்பாவுக்கும் கிடையாது. உங்கள் பைக்கைத் தம்பியோ கடைப் பையனோ எடுத்துப் போனாலும் அப்படியேதான்.

அதனால் உங்களுக்கு நான் சொல்வது: பைக்கோடு ஒட்டிய 15 லட்சத்தை எடுப்பதற்குப் பதிலாக, உங்கள் பெயரில் தனியாக ஒரு தனிநபர் விபத்து பாலிசி எடுங்கள். அது எந்த வண்டியில் போனாலும் பேசும். பஸ்ஸில் போனாலும், கடையில் ஏணியிலிருந்து விழுந்தாலும் பேசும். வேலைக்குப் போக முடியாத வாரங்களுக்கு வாரத் தொகை தரும் வகையும் அதில் உண்டு. கடையை ஒரே ஆளாக நடத்துகிற உங்களுக்கு அந்த வாரத் தொகைதான் முக்கியம், கேட்டு வாங்குங்கள். இப்படி 15 லட்சத்துக்குக் குறையாத தனி பாலிசி இருந்தால், வண்டிப் பாலிசியில் அந்தக் கட்டாயப் பகுதியை மறுபடி வாங்க வேண்டியதில்லை. எழுதிக் கொடுத்தால் நீக்கிவிடுவார்கள். இரண்டு மூன்று வண்டி வைத்திருப்பவர்களிடம் ஒவ்வொரு வண்டிக்கும் தனித்தனியாக இதைக் கட்டிவிடுவதையும் பார்க்கிறேன். ஒரு உரிமையாளருக்கு ஒன்று போதும்.

எவ்வளவுக்கு என்று கேட்டீர்கள் அல்லவா, நீங்களே முடிவு செய்ய வேண்டிய தொகை இதில்தான் இருக்கிறது. வீட்டுச் செலவுக்கு மாதம் 25,000 ஆகிறது என்றால் 15 லட்சம் ஐந்து வருடத்துக்கு வரும். பிள்ளை படிப்பு முடிய எத்தனை வருடம், கடைக்கு வாங்கிய கடன் எவ்வளவு என்று கூட்டிப் பாருங்கள். உங்கள் வயதுக்கும் தொழிலுக்கும் 30 லட்சத்துக்குக் குறையாமல் எடுங்கள் என்பேன். மனைவி பெயரிலும் ஒன்று எடுங்கள், தொகை குறைவாக இருந்தாலும் பரவாயில்லை. வழக்கு, தீர்ப்பாயம் என்று அலையாமல் கையில் வரும் பணம் அது.

வண்டிச் சேதத்துக்கு வருவோம். 2021-இல் 85,000 கொடுத்து வாங்கிய வண்டி என்றால் இன்று பாலிசியில் மதிப்பு 35,000, 40,000 என்று போடுவார்கள். ஐந்து வருடம் வரை தேய்மானத்துக்கு அட்டவணை இருக்கிறது, நாலிலிருந்து ஐந்து வருடத்துக்குள் பாதி மதிப்பு. ஐந்து தாண்டினால் இரு தரப்பும் பேசி வைத்துக்கொள்ளும் தொகை. ஐ.டி.வி. என்று தாளில் இருக்கும் அந்தத் தொகைதான், வண்டி திருட்டுப் போனாலோ, பழுதுச் செலவு அந்தத் தொகையில் முக்கால் பங்கைத் தாண்டினாலோ உங்களுக்குக் கிடைக்கும் உச்சம். பிரீமியம் குறையும் என்று அதை 20,000-க்கு இறக்கி எழுதச் சம்மதிக்காதீர்கள்.

சின்ன விபத்தில் எவ்வளவு வரும்? ஒரு ஒர்க்‌ஷாப் பில்லைப் பார்ப்போம். முன்பக்கம் அடிபட்டு பில் 11,500 ரூபாய் என்று வையுங்கள். விசர், மட்கார்டு மாதிரி பிளாஸ்டிக் பாகங்கள் 4,000; ஃபோர்க், ஹேண்டில்பார் என்று இரும்பு சாமான் 6,000; கூலி 1,500. பிளாஸ்டிக்குக்குப் பாதிதான் தருவார்கள், 2,000. ஐந்து வருடம் தாண்டிய வண்டியில் உலோகப் பாகத்துக்கு 40 சதவீதம் கழித்து 3,600. கூலி முழுசாக 1,500. மொத்தம் 7,100, அதில் கட்டாயக் கழிவு 100 போக 7,000 கைக்கு வரும். மிச்சம் 4,500 உங்கள் கையிலிருந்து. 'ஜீரோ டெப்' ஆட்-ஆன் இருந்தால் இந்தத் தேய்மானக் கழிவு இருக்காது, ஆனால் ஐந்து வருடம் தாண்டிய வண்டிக்கு அதைத் தருவது குறைவு. தந்தாலும் விலை கூடுதலாக இருக்கும். உங்கள் வண்டிக்கு இனி அது தேவையில்லை. புது வண்டி எடுத்தால் முதல் மூன்று வருடம் தாராளமாகப் போடுங்கள்.

இன்ஜின் புரொடெக்ட் என்று ஒரு ஆட்-ஆன் லிஸ்டில் இருக்கும். தண்ணீர் புகுந்து இன்ஜின் கெட்டால் தருவது. சென்னையில் வேளச்சேரிப் பக்கம் இருப்பவர்களுக்கு அது வேண்டும். நம்முடையது ஊரணி நிறைந்தாலே ஊரே சந்தோஷப்படுகிற பூமி, விட்டுவிடலாம். ரோட்டில் நின்றால் ஆள் அனுப்பும் ஆட்-ஆனும் அப்படித்தான். திருச்சி, ராமேஸ்வரம் என்று அடிக்கடி தூரம் போவதில்லை என்றால், போன் போட்டால் வருகிற உங்கள் மெக்கானிக்கே போதும்.

இப்படி ஆட்-ஆன் எதுவும் இல்லாமல் ஃபுல் கவர் எடுத்தால், தேர்ட் பார்ட்டி 843-க்கு மேல் சில நூறு ரூபாய்தான் கூடும். இந்தப் பகுதியின் விலை கம்பெனிக்குக் கம்பெனி மாறும், இரண்டு மூன்று இடத்தில் கேளுங்கள். உங்கள் ஓன் டேமேஜ் விட்டுப் போய் 90 நாளுக்கு மேல் ஆகிவிட்டிருந்தால், கிளைம் போடாததற்குத் தரும் போனஸ் சலுகை இருக்காது, பூஜ்யத்திலிருந்து தொடங்கும். வண்டியை போட்டோ எடுத்தோ நேரில் பார்த்தோதான் பாலிசி தருவார்கள், அதற்கு ஒரு வாரம் முன்னதாகவே ஏஜென்ட்டிடம் சொல்லுங்கள். கிளைம் இல்லாத முதல் வருடத்துக்குப் பிறகு 20 சதவீதம், ஐந்து வருடம் தொடர்ந்தால் 50 சதவீதம் வரை அந்தப் பகுதியின் பிரீமியத்தில் குறையும். அதனால் ஆயிரம் ரூபாய்க் கீறலுக்கெல்லாம் கிளைம் போட வேண்டாம்.

டெலிவரி விஷயத்தை நீங்கள் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள், ஆனால் அது சின்ன விஷயம் இல்லை. சொந்த உபயோகத்துக்கான டூவீலர் பாலிசியில், மாதிரிப் பொருளும் சொந்தச் சாமானும் தவிர சரக்கு ஏற்றிப் போவதற்கு இடமில்லை என்று எழுதியே இருக்கும். பள்ளத்தூருக்கு ஃபேன் பெட்டியைக் கட்டிக்கொண்டு போகும்போது விபத்து நடந்தால், வண்டிச் சேதத்துக்கான கிளைமை அதைச் சொல்லியே மறுக்கலாம். பெரிய சாமானைச் சரக்கு ஆட்டோவில் அனுப்பிவிடுங்கள். தொடர்ந்து பைக்கில்தான் கொண்டுபோக வேண்டும் என்றால் கம்பெனிக்கு எழுத்தில் தெரிவித்து, அவர்கள் பதிலை வாங்கி வைத்துக்கொண்டு பாலிசி எடுங்கள். ஏஜென்ட் வாயால் 'ஒண்ணும் ஆகாதுண்ணே' என்று சொல்வது கிளைம் மேஜையில் நிற்காது.

எக்ஸ்எல்லுக்குத் தேர்ட் பார்ட்டி மட்டும் போதும், அதில் பின்னால் யாரையும் ஏற்றாமல் இருந்தால். 75 சிசிக்குள் இருக்கும் மாடல் என்றால் 538 ரூபாய், வரியோடு 635. அதற்கு மேல் என்றால் உங்கள் பைக்குக்கு உள்ள அதே 714 தான். அதைவிட முக்கியம், அப்பாவின் லைசென்ஸ் தேதியைப் பாருங்கள். 55 வயது தாண்டியவர்களுக்கு ஐந்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும்; வீட்டில் பெரியவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். லைசென்ஸ் காலாவதியான நிலையில் யார் மீதாவது மோதினால், கம்பெனி பாதிக்கப்பட்டவருக்குக் கட்டிவிட்டு அதே தொகையை அப்பாவிடம் வசூலிக்கலாம். அப்போது கட்டிய 635 ரூபாய் எதற்கும் உதவாது.

ஆக, பைக்குக்கு ஆட்-ஆன் இல்லாத ஃபுல் கவர், உங்களுக்கும் மனைவிக்கும் தனிநபர் விபத்து பாலிசி, எக்ஸ்எல்லுக்குத் தேர்ட் பார்ட்டி. ஏஜென்ட் அனுப்பிய மூன்றில் நடுவிலிருப்பதை எடுத்து, மூன்றாவதுக்குக் கேட்ட கூடுதல் பணத்தை விபத்து பாலிசியில் போடுங்கள். பழைய பாலிசி முடியும் நாள் நள்ளிரவுக்கு முன்பே புதியது தொடங்கும்படி தேதி இருக்கட்டும். பாலிசி கைக்கு வந்ததும் இன்ஜின் நம்பர், சேஸிஸ் நம்பரை ஆர்.சி.யோடு ஒப்பிட்டுப் பாருங்கள். நாமினி இடத்தையும் பாருங்கள். கல்யாணத்துக்கு முன் எடுத்த பாலிசியை அப்படியே புதுப்பித்துக்கொண்டே போவதால் அங்கே இன்னும் அம்மா பெயரோ, சில சமயம் வெறும் கோடோ இருக்கும். மனைவி பெயரை வயதோடும் உறவோடும் எழுதச் சொல்லி, திருத்திய பிரதியைக் கையில் வாங்கிக்கொள்ளுங்கள்.